இரவில் படம், பகலில் பாடம்: இயற்பியல் ஆசிரியருக்கான வானப் புகைப்பட வழிகாட்டி

வானத்தைப் படம் எடுக்கும் பழக்கமுள்ள இயற்பியல் ஆசிரியர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல படம் ஒன்று அமைந்தால் பிரிண்ட் போட்டு ஆய்வகச் சுவரில் மாட்டுவோம். "செமையா இருக்கு சார்" என்று பிள்ளைகள் ரசிப்பார்கள். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். அந்தப் படத்துக்குள் இருக்கும் இயற்பியல் வெளியே வராமலே போய்விடும்.

என் அனுபவத்தில், சுவரில் மாட்டத் தகுந்த படத்தைவிட, விண்மீன்கள் கோடுகோடாக இழுபட்டுப்போன சாதாரணப் படம்தான் வகுப்பில் அதிகம் உழைக்கும். அதில் அளப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரே நோக்கத்தில் எழுதியது: ஒவ்வொரு படமும் பிளஸ் ஒன் மாணவர் ஸ்கேல் வைத்து அளந்து விடை காணும் ஒரு கேள்வியாக இருக்கவேண்டும்.

என்னென்ன வேண்டும்

மேனுவல் முறை உள்ள எந்த டி.எஸ்.எல்.ஆர். அல்லது மிரர்லெஸ் கேமராவும் போதும். பழையது என்றாலும் குறையில்லை. ஆடாத டிரைபாட் ஒன்று. லென்ஸில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 50 மி.மீ. எஃப்/1.8 வாங்குங்கள். கேமராவோடு வரும் 18–55 லென்ஸை 18 மி.மீ., எஃப்/3.5-இல் வைத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் சுமார் 5 மி.மீ.தான். 50 மி.மீ. எஃப்/1.8-இல் அது சுமார் 28 மி.மீ. பரப்பில் கணக்கிட்டால் ஏறக்குறைய 29 மடங்கு. விண்மீன் போன்ற புள்ளி மூலத்துக்கு இந்தப் பரப்புதான் முக்கியம். இந்தக் கணக்கையே பிள்ளைகளிடம் போடச் சொல்லலாம்.

புரோ மோடில் பல வினாடி எக்ஸ்போஷர் வைக்கவிடும் செல்போனும் தொடக்கத்துக்கு உதவும். செங்கல்லில் சாய்த்து வைத்து, டைமர் போட்டு எடுக்கலாம்.

வானத்தின் நகர்வைப் பின்தொடரும் டிராக்கர் கருவியை உடனே வாங்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புவி சுழல்வதால் படத்தில் விழும் இழுப்பை அது அழித்துவிடும். நாம் அளக்கப்போவதே அந்த இழுப்பைத்தான்.

நாள் பார்ப்பது

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர்தான் முதல் திட்டக் கருவி. அமாவாசையை ஒட்டிய சனி, ஞாயிறுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்குப் பிறகு நிலா நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழும். ஆகவே தேய்பிறைப் பஞ்சமி, சஷ்டி வந்துவிட்டால் முன்னிரவு முழுக்க நமக்குத்தான். தூக்கம் கெடாமல் மறுநாள் பள்ளிக்குப் போகவேண்டியவர்களுக்கு இந்த நாட்கள் தோது.

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பொங்கலுக்குப் பிறகு ஏப்ரல் வரைதான் படங்களுக்கு நல்ல அறுவடைக் காலம். செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் அதே மாதங்களில் வந்து நிற்பதால், படங்களை ஜனவரி, பிப்ரவரியில் எடுத்து வைத்து, ஜூனில் சேரும் புதிய பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பயன்படுத்துவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். தை மாதப் பனியில் லென்ஸ் முகப்பு ஈரம் கோத்துக்கொள்ளும். லென்ஸ் ஹூட்டைக் கழற்றாதீர்கள், நடுநடுவே டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேமராவை அமைப்பது

கோப்பு ரா வடிவத்தில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் வடிவம்) இருக்கட்டும். ஃபோகஸ் மேனுவல். டிரைபாடில் வைத்தபின் லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். ஷட்டருக்கு 2 வினாடி டைமர் அல்லது ரிமோட். கேமராவின் கடிகாரத்தைப் படம் எடுக்கும் நாளன்று வினாடி சுத்தமாகச் சரிசெய்யுங்கள். அழகுப் படத்துக்கு இது தேவையில்லை, அளவீட்டுக்கு இது இல்லாமல் முடியாது.

ஃபோகஸ்தான் கொஞ்சம் பொறுமை கேட்கும். லைவ் வியூவில் பளிச்சென்ற விண்மீன் ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்துங்கள். வளையத்தில் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமானால் கறுப்பு அட்டையில் மூன்று திசைகளில் கோடு கோடாக வெட்டிய பாத்தினோவ் மறைப்பு செய்யலாம். அதை லென்ஸ் முன் வைத்தால் விண்மீனைச் சுற்றி மூன்று ஒளிக்கீற்றுகள் விரியும். நடுக்கீற்று மற்ற இரண்டுக்கும் சரிபாதியில் வந்தால் ஃபோகஸ் சரி. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விளிம்பு விளைவு நடத்தும்போது அதே அட்டையைக் கையில் கொடுத்து, அந்தக் கீற்றுகள் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள்.

முதல் பாடம்: முப்பது வினாடியில் புவியின் கோணத் திசைவேகம்

ஒரே ஒரு பயிற்சிதான் செய்யமுடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நகரத்து மொட்டை மாடியில், நிலா வெளிச்சத்தில்கூட நடக்கும்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை முன்னிரவில் ஒரையன் விண்மீன் குழு உச்சிக்கு அருகே இருக்கும். அதன் இடுப்பில் வரிசையாக மூன்று விண்மீன்கள். அவற்றில் முதலில் உதிக்கும் மிண்டாகா ஏறக்குறைய வான நடுவரைக்கோட்டின் (புவியின் நடுவரைக்கோட்டை வானத்துக்கு நீட்டிய கோடு) மேலேயே இருக்கிறது. அதனால் அது முழு வேகத்தில் நகரும், கோசைன் திருத்தம் எதுவும் வேண்டாம். 50 மி.மீ. லென்ஸை அங்கே திருப்பி, எஃப்/4, ஐ.எஸ்.ஓ. 400, 30 வினாடி. ஒரே ஒரு படம். மிண்டாகா ஒரு சின்னக் கோடாக விழுந்திருக்கும்.

படத்தைக் கணினியில் திறந்து, பிக்சல் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி, கோட்டின் இரு முனைகளின் ஆயங்களைப் பிள்ளைகளே படிக்கட்டும். ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் சுட்டியை வைத்தாலே ஆயம் தெரியும். பித்தகோரஸ் தேற்றம் போட்டால் நீளம் கிடைக்கும். 23.5 மி.மீ. அகலத்தில் 6000 பிக்சல் உள்ள சென்சார் என்றால் ஒரு பிக்சல் 3.92 மைக்ரோமீட்டர். கோடு சுமார் 28 பிக்சல் வரும்.

28 பிக்சல் என்பது 0.11 மி.மீ. அதைக் குவியத்தொலைவு 50 மி.மீ.-ஆல் வகுத்தால் கோணம் 0.0022 ரேடியன். 30 வினாடியால் வகுத்தால் 7.3 × 10⁻⁵ ரேடியன்/வினாடி. புத்தகத்தில் இருக்கும் புவியின் கோணத் திசைவேகம் 7.29 × 10⁻⁵. தான் அளந்த இருபத்தெட்டுப் பிக்சலிலிருந்து ஒரு கோளின் சுழற்சி வெளிவருவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்களே பார்க்கவேண்டும்.

இங்கே அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு குழுவும் வேறு வேறு எண் சொல்லும். ஒருவர் 27 என்பார், இன்னொருவர் 30. முனை எங்கே முடிகிறது என்பதில்தான் தகராறு, ஏனென்றால் கோட்டின் ஓரம் மங்கலாகத் தேயும். ஒவ்வொரு முனையிலும் ஒரு பிக்சல் சந்தேகம் என்றால் மொத்தத்தில் இரண்டு, அதாவது 28-க்கு 7 சதவீதம். முதல் அலகில் மனப்பாடம் செய்த "ஒப்பீட்டுப் பிழை" இப்போது அவர்கள் கையில் இருக்கிறது. அடுத்து, "பிழையைப் பாதியாக்க என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். "60 வினாடி எடுக்கலாம் சார்" என்று ஒருவர் சொல்வார். "குவியத்தொலைவு கூடுதலான லென்ஸ் போடலாம்" என்று இன்னொருவர். இரண்டும் சரி. ஏன் சரி என்று அவர்களே விவாதிக்கட்டும்.

வகுப்பில் தவறாமல் எழும் ஒரு கேள்வி: "சார், அம்பது எம்.எம்.ங்கிறது லென்ஸோட எந்த இடத்துலேர்ந்து?" அருமையான கேள்வி. பல வில்லைகள் சேர்ந்த லென்ஸில் அந்தத் தொலைவு முன் கண்ணாடியிலிருந்து அளப்பது அல்ல. வேண்டுமானால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: புவியின் வேகம் தெரியும், கோட்டின் நீளம் தெரியும், லென்ஸின் குவியத்தொலைவைக் கண்டுபிடி. விண்மீனை வைத்து லென்ஸை அளக்கலாம்!

இதிலிருந்தே 500 விதியையும் சோதிக்கலாம். விண்மீன் புள்ளியாகத் தெரிய எத்தனை வினாடி வரை எடுக்கலாம் என்பதற்கு, 500-ஐ முழு ஃபிரேமுக்கு (36 மி.மீ. அகல சென்சாருக்கு) இணையான குவியத்தொலைவால் வகு என்பார்கள். 50 மி.மீ. லென்ஸ், 1.5 கிராப் (சென்சார் முழு ஃபிரேமைவிட அகலத்தில் 1.5 மடங்கு சிறியது) என்றால் 500 ÷ 75, சுமார் 6.7 வினாடி. நம் அளவீட்டின்படி அதற்குள் விண்மீன் ஆறு பிக்சல் ஓடிவிடும். இன்றைய சென்சாருக்கு இது தளர்வான விதி. இரண்டு பிக்சலுக்குள் நிற்கவேண்டும் என்றால் 2 வினாடிதான். நான் அதையே கடைப்பிடிக்கிறேன், குறைந்த வெளிச்சத்தைப் படங்களின் எண்ணிக்கையால் ஈடுகட்டலாம்.

இரண்டாம் பாடம்: விண்மீன் எவ்வளவு முந்தி வருகிறது

புவி ஒரு சுற்றுச் சுழல 24 மணி நேரம் என்று பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். விண்மீனை வைத்து அளந்தால் 23 மணி 56 நிமிடம் 4 வினாடி.

மாடியில் டிரைபாடின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தைப் பெயிண்டால் குறியுங்கள். பக்கத்துத் தெரு வாட்டர் டேங்கின் செங்குத்தான விளிம்பை நோக்கிக் கேமராவை வைத்து, வினாடிக்கு ஒன்றாகத் தொடர் படங்கள். குறிப்பிட்ட விண்மீன் விளிம்புக்குப் பின்னால் மறையும் படத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும். சுமார் 27½ நிமிடம் முன்னதாகவே மறைந்திருக்கும். ஏழால் வகுத்தால் நாளுக்கு 3 நிமிடம் 56 வினாடி.

டிரைபாடை மறுபடி வைக்கும்போது ஒரு செ.மீ. தள்ளிப்போனால் எவ்வளவு பிழை? டேங்க் 50 மீட்டர் தொலைவில் இருந்தால் 2 × 10⁻⁴ ரேடியன், நேரத்தில் 3 வினாடிக்கும் குறைவு. முதல் பாடத்தில் கண்ட கோணத் திசைவேகம் இங்கே வேலைக்கு வருகிறது. இடமாறு தோற்றம் என்ற சொல்லுக்கும் இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மூன்றாம் பாடம்: வியாழனின் நிலாக்கள்

இதற்கு 300 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸும், இரண்டு மூன்று வார விடாமுயற்சியும் வேண்டும். வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வரும் காலத்தை ஒட்டி எடுப்பது நல்லது. அது சுமார் 13 மாதங்களுக்கு ஒருமுறை வரும். அடுத்து 2027 பிப்ரவரியில்.

300 மி.மீ., எஃப்/5.6, ஐ.எஸ்.ஓ. 1600, கால் வினாடி. இதற்கு மேல் போனால் நிலாக்கள் இழுபடும். வியாழன் வெளுத்துப்போன பொட்டாகத் தெரியும், பரவாயில்லை. அதன் இருபுறமும் ஒரே நேர்கோட்டில் நாலு புள்ளிகள். 1610-இல் கலிலியோ பார்த்தது இதைத்தான். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பத்துப் படங்கள் எடுத்து, தெளிவானதை வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழனின் நடுவிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் பிக்சலில் அளந்து, கிழக்கே நேர்க்குறி, மேற்கே எதிர்க்குறி என்று நாளுக்கு எதிராக வரைபடத் தாளில் குறிக்கச் செய்யுங்கள். எந்தப் புள்ளி எந்த நிலா என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். முதல் சில நாட்கள் தாளில் குழப்பம்தான் இருக்கும். பிறகு, எட்ட எட்டப் போய்வரும் ஒன்று தனியாகத் தெரியத் தொடங்கும். அதுதான் கலிஸ்டோ. அதன் புள்ளிகளை இணைத்தால் சைன் வளைகோடு! வட்டப்பாதையைப் பக்கவாட்டில் பார்க்கிறோம் என்பதால் தெரிவது தனிச்சீரிசை இயக்கம். "சீரான வட்ட இயக்கத்தின் வீழல்" என்று அலைவுகள் பாடத்தில் படம் வரைந்து நடத்தியதை, இங்கே பிள்ளைகள் வானத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

வளைகோட்டின் வீச்சு சுற்றுப்பாதையின் ஆரத்தைக் கொடுக்கும். கலிஸ்டோவுக்குச் சுமார் 220 பிக்சல், கானிமீடுக்குச் சுமார் 125. சுற்றுக்காலங்கள் 16.7 நாள், 7.15 நாள். ஆரங்களின் விகிதம் 1.76, அதன் முப்படி சுமார் 5.44. காலங்களின் விகிதம் 2.33, அதன் வர்க்கமும் சுமார் 5.44. கெப்ளரின் மூன்றாம் விதி. பிள்ளைகளின் அளவீட்டில் 5.1, 5.8 என்றெல்லாம் வரும். திருத்தி எழுதவிடாதீர்கள், வந்ததை வந்தபடி பதிவு செய்யட்டும். விடைத்தாளில் 5.44 எழுதுவதைவிட, தான் பெற்ற 5.8-க்குக் காரணம் சொல்லத் தெரிவதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

எல்லாம் முடிந்தபின் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் தேதியும் நேரமும் கொடுத்துச் சரிபார்க்கலாம்.

விண்மீன் நிறங்கள்

திருவாதிரை சிவப்பு, ரைஜல் நீலவெள்ளை. இரண்டும் ஒரையனில்தான். ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்து எடுத்தால் ஒளி பல பிக்சல்களில் பரவி, வெளுக்காமல் நிறம் தெரியும். திருவாதிரையின் வெப்பநிலை சுமார் 3500 கெல்வின், ரைஜல் சுமார் 12,000. வீயன் இடப்பெயர்ச்சி விதியில் போட்டால் உச்ச அலைநீளம் முறையே சுமார் 830, 240 நானோமீட்டர். முதலாவது அகச்சிவப்பு, இரண்டாவது புற ஊதா. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது! "சிவப்பு விண்மீனின் உச்சம் சிவப்பில்" என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள், நிறம் உண்மையில் கதிர்வீச்சு வளைகோட்டின் சரிவிலிருந்து வருகிறது என்பதை அப்போது யோசிப்பார்கள்.

படங்களை அடுக்குவது

இரண்டு வினாடிப் படம் ஒன்று மட்டும் இருந்தால் இரைச்சல் அப்பிக் கிடக்கும். ஒரையன் நெபுலா என்ற வாயு மேகத்தை அப்படி நூறு எடுத்து, சிரில் (Siril) அல்லது டீப் ஸ்கை ஸ்டேக்கர் மென்பொருளில் அடுக்கினால் மங்கிய சிறகுகள் வெளிவரும். காரணம், தற்செயல் பிழை சராசரியில் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. 16 படம் என்றால் நாலில் ஒரு பங்கு, 64 என்றால் எட்டில் ஒரு பங்கு. ஒரே மூலையை 1, 16, 64 என மூன்று நிலைகளில் வெட்டி அருகருகே காட்டுங்கள். "பல முறை அளந்து சராசரி எடு" என்று ஆய்வகத்தில் சொல்வதன் பொருள் கண்ணெதிரே நிற்கும்.

ஆனால் சென்சாரில் எப்போதும் எரியும் சூட்டுப் பிக்சல்கள் இதனால் மட்டும் மறையாது. அது முறையான பிழை, சராசரிக்கு அடங்காது. லென்ஸை மூடி அதே நேரம், அதே ஐ.எஸ்.ஓ.வில் இருட்டுப் படங்கள் எடுத்துக் கழிக்கவேண்டும். வெர்னியரில் சுழிப்பிழையைக் கழிப்பதும் இதுவும் ஒரே செயல்தான்.

உங்களுக்காக ஒரு வானம்

எல்லா இரவையும் பாடமாக்கிவிடாதீர்கள். நாம் இருக்கும் அட்சரேகை ஒரு வரம். மதுரையில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து சுமார் 10 பாகைதான் உயர்ந்திருக்கும். அதற்கு ஈடாகத் தெற்கு வானம் நமக்குத் திறந்து கிடக்கிறது. பெரும்பாலான ஐரோப்பியர்கள் வீட்டிலிருந்து பார்க்கவே முடியாத அகத்தியர் விண்மீன், தென்சிலுவை, கரினா நெபுலா எல்லாம் நம் ஊர் மொட்டை மாடிக்கே வருகின்றன. ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து ஏப்ரல், மே மாத இரவுகளில் தெற்கே 30 பாகைக்கு மேல் ஏறும். 50 மி.மீ. லென்ஸிலேயே பஞ்சுப் பொட்டாக விழும், 200 மி.மீ.-இல் மணல் தூவியதுபோல் உதிர ஆரம்பிக்கும். இருண்ட வானம் வேண்டுமென்றால் ஜவ்வாது மலைப் பக்கம் போய்வாருங்கள். வைணு பாப்பு வானாய்வகத்துக்குக் காவலூரைத் தேர்ந்தெடுத்ததில் இந்தத் தெற்கு வானத்துக்கும் பங்குண்டு. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இலிருந்து இயங்குகிறது.

பிள்ளைகளை இரவில் அழைப்பதென்றால்

தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம், உடன் ஓர் ஆசிரியை, ஒன்பது மணிக்குள் எல்லோரும் வீட்டில். இவை இல்லாமல் வேண்டாம். பல மாணவிகளுக்கு இரவில் வர இயலாது என்பதால், அளவீடு முழுவதையும் பகல் வகுப்பில் வைத்துக்கொள்வதுதான் நியாயம். வீட்டு மாடியில் செல்போனால் எடுத்துவரும் படங்களையும் அதே மதிப்போடு ஏற்றுக்கொள்ளுங்கள். டார்ச்சுகளுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக் கொடுங்கள், கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சூரியனை மட்டும் உரிய வடிகட்டி லென்ஸின் முன்னால் இல்லாமல் எடுக்கவோ, வியூஃபைண்டரில் பார்க்கவோ யாரையும் விடாதீர்கள்.

இப்போதே நாட்குறிப்பில் எழுதிவைக்க ஒரு தேதி: 2028 டிசம்பர் 31. அன்றிரவு முழு நிலா மறைப்பு, நிலா நம் தலைக்கு மேல் உயரத்தில் இருக்கும், சுமார் ஒன்பதே முக்கால் மணியிலிருந்து முழு மறைப்பு. அதற்கு முன் பகுதி மறைப்பின்போது 300 மி.மீ., எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100, 1/200 வினாடியில் தொடங்கி, நிழல் ஏற ஏற எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொண்டே ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம். பிரிண்ட் போட்டுச் சார்ட்டில் ஒட்டி, நிழலின் வளைந்த விளிம்புக்குப் பொருந்தும் வட்டத்தைக் காம்பஸால் வரையச் சொல்லுங்கள். நிழல்வட்டத்தின் விட்டம் நிலாவின் விட்டத்தைப்போல் சுமார் 2.7 மடங்கு வரும். சூரியனும் நிலாவும் நமக்கு ஒரே கோண அளவில் தெரிவதால், புவியின் நிழல் நிலா இருக்கும் தூரத்துக்குள் ஒரு நிலா விட்டம் அளவு சுருங்கியிருக்கும். அந்த ஒன்றைக் கூட்டினால் 3.7. புவி நிலாவைவிட எத்தனை மடங்கு பெரியது என்பதன் விடை அதுதான்.